செக்ரோல் ஃபார்மில் வராத ஆளுக்கு 86 குலை! ஜாவாவில் ஃபார்ம் வரிசைகளை எப்படித்தான் உருவாக்குவது?

செக்ரோல் தம்பி | ஞாயிறு, இரவு 9:12

வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தொடர்பான எல்லாமே என் தலையில்தான். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம்.

போன வருடம் செக்ரோலை (வருகை, வேலைக் கணக்குப் பதிவேட்டை) தாளிலிருந்து வெப்புக்கு மாற்றச் சொன்னார்கள். ஜாவா 8, பக்கத்தை வரைய ஜேஎஸ்பி, அனுப்பியதை வாங்கச் சர்வ்லெட், இவை ஓட டாம்கேட் 9 சர்வர். மண்டோர் (மேஸ்திரி) பெயரைத் தேர்ந்தெடுத்தால் அவர் கும்பலில் (வேலைக் குழுவில்) உள்ளவர்கள் டேட்டாபேஸிலிருந்து வருவார்கள். ஜேஎஸ்டிஎல் (ஜேஎஸ்பிக்கான டேக் தொகுப்பு) ஃபார்ஈச் லூப்பில் ஆளுக்கு ஒரு வரிசை போடுகிறேன். வரிசையில் ஆள் நம்பர் (மறைவான ஃபீல்ட்), வந்தாரா என்று ஒரு செக்பாக்ஸ், என்ன வேலை என்று ஒரு டிராப்டவுன், எத்தனை பழக்குலை வெட்டினார் என்று ஒரு பெட்டி. செக்பாக்ஸில் டிக் இல்லையென்றால் டிராப்டவுனும் குலைப் பெட்டியும் சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொள்ளும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று நான்தான் சேர்த்தேன்.

எல்லா வரிசையிலும் ஃபீல்ட் பெயர் ஒன்றுதான். சர்வ்லெட்டில் கெட்பாராமீட்டர்வேல்யூஸ் கூப்பிட்டு ஒவ்வொரு பத்தியையும் ஓர் அர்ரேயாக (மதிப்புகளின் பட்டியலாக) எடுத்து, 0-இலிருந்து லூப் ஓட்டிச் சேமிக்கிறேன்.

நடந்தது இதுதான். 23 பேர் உள்ள கும்பலில் ஒரு நாள் நாலு பேர் வரவில்லை. அதில் ஆறாவது வரிசைக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவர் பெயரில் 86 குலை ஏறியிருக்கிறது. பட்டியலில் கடைசிக்கு முந்தின ஆள்தான் எங்கள் தோட்டத்தில் அதிகம் பழம் வெட்டுகிறவர், அவருக்கு அன்று பூஜ்யம். சம்பளச் சீட்டு கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவருடைய மனைவி கவுன்டருக்கு வந்து என்னிடம் எதுவும் பேசவில்லை. சீட்டை என் மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வேலைக்கு வேலை ஃபீல்ட் மாறுகிறது. பழம் வெட்டினால் குலைக் கணக்கு, மருந்து அடித்தால் எத்தனை பம்ப், உரம் போட்டால் எத்தனை மூட்டை. புது வேலை ஒன்று வந்தால் ஒவ்வொரு முறையும் ஜேஎஸ்பியைத் திறந்து எழுத வேண்டியிருக்கிறது. இதற்கு உருப்படியான வழி உண்டா?

சர்வ்லெட் அக்கா | ஞாயிறு, இரவு 9:50

தம்பி, இந்தப் பிழையை நான் குறைந்தது நாலு அலுவலகத்தில் பார்த்துவிட்டேன். ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். முதலில் அர்ரே இன்டெக்ஸ் (இட எண்) எல்லை மீறியது என்று ஓர் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) வந்திருக்க வேண்டுமே? அதை என்ன செய்தீர்கள்?

செக்ரோல் தம்பி | ஞாயிறு, இரவு 9:58

வந்தது அக்கா. அர்ரேயின் நீளத்தைப் பார்த்து, அதற்குள் இருந்தால் மட்டும் எடு என்று ஓர் இஃப் போட்டேன். நின்றுவிட்டது.

சர்வ்லெட் அக்கா | ஞாயிறு, இரவு 10:31

நாய் குரைத்தது, வாயைக் கட்டிவிட்டீர்கள். திருடன் உள்ளே வந்துவிட்டான்.

பிரவுசர் ஃபார்மை அனுப்பும்போது திரையில் தெரிகிற எல்லாவற்றையும் அனுப்புவதில்லை. டிக் செய்யாத செக்பாக்ஸ் போகாது. 'இல்லை' என்றோ வெற்று மதிப்பாகவோ கூடப் போகாது, பெயரே போகாது. டிசேபிள் செய்த, அதாவது பூட்டிய, பெட்டியும் அப்படித்தான். நேம் இல்லாத ஃபீல்டும் போகாது. வெறுமையாக விட்ட டெக்ஸ்ட்பாக்ஸ் மட்டும் வெற்றுச் சரமாகப் போய்ச் சேரும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். மறைவான ஆள் நம்பர் 23 வந்தது. செக்பாக்ஸ் 19 வந்தது. பூட்டிய பெட்டிகள் நாலும் விடுபட்டதால் குலைப் பெட்டியும் 19 வந்தது. மூன்று அர்ரேக்களையும் ஒரே இன்டெக்ஸில் படித்தீர்கள். ஆறாவது ஆளிடமிருந்து எதுவும் வராததால் ஏழாவது ஆளின் 86 குலை ஆறாவது இடத்துக்கு நகர்ந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் ஒரு படி, அடுத்த வராத ஆளுக்குப் பிறகு இரண்டு படி, இப்படியே. கடைசி நாலு பேருக்கு அர்ரேயில் இடமே இல்லை. அங்கேதான் ஜாவா கத்தியது, நீங்கள் இஃப் போட்டு அடக்கினீர்கள். ஆக அன்று தப்பாகச் சேர்ந்தது ஆறாவது ஆள் கணக்கு மட்டும் இல்லை, ஆறிலிருந்து இருபத்துமூன்று வரை எல்லாமே. பழைய மாதங்களையும் தோண்டிப் பாருங்கள்.

செய்ய வேண்டியது: ஃபீல்ட் பெயரிலேயே ஆள் நம்பரைச் சேருங்கள். குலை_1047, வேலை_1047, வந்தார்_1047 என்று. ஃபார்ஈச்சுக்குள் ஆள் நம்பர் கையில்தானே இருக்கிறது, ஒட்டினால் போதும். சர்வ்லெட்டில் வந்த அர்ரேயை வைத்து லூப் ஓட்டாதீர்கள். அந்த மண்டோரின் ஆள் பட்டியலை டேட்டாபேஸிலிருந்து மறுபடி எடுத்து, ஒவ்வொரு நம்பருக்கும் கெட்பாராமீட்டர் கேளுங்கள். வந்தார்_1047 நல் (மதிப்பே இல்லை) என்றால் 1047 வரவில்லை. பக்கத்து வரிசை எப்படிப் போனாலும் இவரைத் தொடாது.

இதில் இன்னொரு லாபம் உண்டு. பிரவுசரின் டெவலப்பர் கருவியைத் திறந்து யாராவது வேறு கும்பல் ஆள் நம்பரை நுழைத்தாலும், உங்கள் பட்டியலில் இல்லாத நம்பரை சர்வர் திரும்பியே பார்க்காது.

ஈப்போ வெள்ளைக்காப்பி | ஞாயிறு, இரவு 11:05

2009 ஆண்டு கோடா இது? ஸ்பிரிங் பூட்டுக்கு (ஜாவா ஃபிரேம்வொர்க்) மாறுங்கள் அண்ணே. வரிசைகள்[0].குலை, வரிசைகள்[1].குலை என்று பெயர் வைத்தால் அதுவே லிஸ்ட்டாகக் கட்டிக் கொடுத்துவிடும். ஜேஎஸ்பிக்குப் பதில் தைம்லீஃப் போட்டால் பெயரைக்கூட எழுத வேண்டாம். அரை நாள் வேலை.

செக்ரோல் தம்பி | ஞாயிறு, இரவு 11:11

தம்பி, அதே டாம்கேட்டில் வெளியார் எழுதிக் கொடுத்த இன்னொரு அப்ளிகேஷனும் ஓடுகிறது. எழுதியவர் இப்போது போன் எடுப்பதில்லை. புது ஸ்பிரிங் பூட்டுக்கு டாம்கேட் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும். அங்கே போனால் ஜாவாக்ஸ் சர்வ்லெட் என்று தொடங்குகிற பேக்கேஜ் எல்லாம் ஜகார்த்தாவாக மாறிவிடும், அந்த அப்ளிகேஷன் படுத்துவிடும். கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறதாம். எங்கள் சர்வரும் அந்த இனம்தான், யாரும் அசைக்கக் கூடாது.

சர்வ்லெட் அக்கா | ஞாயிறு, இரவு 11:40

வெள்ளைக்காப்பி தம்பி சொன்னதில் தப்பில்லை, ஆனால் ஸ்பிரிங் போட்டால் இந்த நோய் வராது என்று மட்டும் நம்ப வேண்டாம். அந்தச் சதுர அடைப்புக்குள் இருப்பதும் இடம்தான், ஆள் இல்லை. பட்டனை அமுக்கி நான்காவது வரிசையை நீக்கினால் 0, 1, 2, 4 என்று போகும். ஸ்பிரிங் 3-க்கு ஒரு வெற்று ஆப்ஜெக்டைத் தானே உருவாக்கி வைக்கும். அதைச் சோதிக்காமல் சேமித்தால் பெயரில்லாத ஆளுக்குச் சம்பளம். அப்புறம், லிஸ்ட் தானாக வளர்வதற்கு 256 என்று ஓர் எல்லை உண்டு. பெரிய பட்டியலில் அதைத் தாண்டும்போது பிழை வரும், இனிட்பைண்டரில் உயர்த்திக்கொள்ளலாம். டிக் செய்யாத செக்பாக்ஸுக்கு ஸ்பிரிங் அடிக்கோட்டில் தொடங்கும் ஒரு மறைவான ஃபீல்டைச் சேர்த்துச் சமாளிக்கிறது. செக்பாக்ஸ் வராது என்பது அவர்களுக்கும் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி.

முகங்கள் விரும்பி | திங்கள், காலை 8:20

ஜேஎஸ்எஃப் (ஜாவாவின் இன்னொரு வெப் ஃபிரேம்வொர்க்) பற்றி யாரும் பேசவில்லையே. அங்கே ஃபீல்ட் பெயரே நாம் வைப்பதில்லை, கம்போனென்ட் மரம் பார்த்துக்கொள்ளும். லிஸ்ட்டை வியூஸ்கோப்ட் (அந்தப் பக்கம் திறந்திருக்கும்வரை நினைவில் நிற்கும்) பீனில் வைத்து யூஐ ரிப்பீட் டேக் போட்டால் முடிந்தது.

சர்வ்லெட் அக்கா | திங்கள், காலை 8:45

வியூஸ்கோப்ட் என்று சேர்த்துச் சொன்னீர்களே, அதுதான் உயிர். பலர் பீனை ரிக்வெஸ்ட்ஸ்கோப்ட் ஆக வைத்து, ஒவ்வொரு முறையும் பட்டியலை டேட்டாபேஸிலிருந்து புதிதாக எடுப்பார்கள். ரிப்பீட் உருவாக்கும் ஐடியில் வரிசையின் இன்டெக்ஸ்தான் இருக்கிறது. ஃபார்ம் திறந்திருக்கும் நேரத்தில் பக்கத்து மேசைக்காரர் கும்பலில் புது ஆள் ஒருவரைச் சேர்த்தால், போஸ்ட் வரும்போது பட்டியல் ஒன்று நகர்ந்திருக்கும். மறுபடி 86 குலை கதை. இன்னொன்று, ஜேஎஸ்டிஎல் ஃபார்ஈச் மரம் கட்டும்போது ஓடும், யூஐ ரிப்பீட் வரையும்போது ஓடும். இரண்டையும் கலந்தால் ஒரு வாரம் தூங்க முடியாது.

ஓய்வுபெற்ற கிராணி | திங்கள், பிற்பகல் 3:15

எனக்கு ஜாவா தெரியாது. மகள்தான் இந்தப் பக்கத்தைக் காட்டினாள். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) முப்பது வருடம் செக்ரோல் எழுதிய கை இது, அதனால் ஒரு வார்த்தை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் முழுக்கக் கித்தா (ரப்பர்) காடு. விடியுமுன் பெரட்டு, டார்ச் வெளிச்சத்தில் பெயர் கூப்பிடுவோம். மத்தியானம் ஸ்டோரில் பால் நிறுப்போம், மெட்ரோலாக் (பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் கருவி) விட்டுப் பார்ப்போம், ஒட்டுப்பால் (உறைந்து ஒட்டிய பால்) தனிப் பத்தி. நூற்று ஐம்பது பேர் இருந்தாலும் ஒருவர் கணக்கு இன்னொருவருக்குப் போனதில்லை என்று பெருமையடிக்க மாட்டேன், போயிருக்கிறது. ஆனால் எனக்கு முந்தின பெரிய கிராணி முதல் நாளே இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தார்.

ஒன்று, ஆளுக்கு நம்பர். இந்த அம்மா சொன்னது அதேதான். மண்டோர் மாறினாலும், லயத்து வீடு மாறினாலும், நம்பர் கூடவே போகும்.

இரண்டாவது, கட்டத்தை வெறுமையாக விடாதே. வந்தால் ஒரு கோடு. வரவில்லை என்றால் அதற்கு ஒரு குறி. சீக்கு என்றால் அதற்கு ஒரு குறி. மழையால் பால் வெட்டு இல்லை என்றால் குறுக்கே மழை என்றே எழுதுவோம். வெறும் கட்டம் என்றால் கிராணி இன்னும் எழுதவில்லை என்று பொருள், ஆள் வரவில்லை என்று பொருள் இல்லை. உங்கள் டிக் பெட்டியில் இந்த இரண்டும் ஒன்றாகத்தானே தெரிகிறது? அவர் ஆஸ்பத்திரியில் இருந்தாரா, காட்டுக்கு வராமல் டவுனுக்குப் போனாரா, இல்லை நீங்கள் டிக் போட மறந்தீர்களா, எப்படித் தெரியும்?

சர்வ்லெட் அக்கா | திங்கள், பிற்பகல் 4:02

ஐயா, நான் நேற்று எழுதிய பதிலைத் திருத்திக்கொள்கிறேன். வந்தார்_1047 நல் என்றால் வரவில்லை என்று சொன்னேன். அது தப்பு. நல் என்றால் 'தெரியாது', அவ்வளவுதான்.

தம்பி, செக்பாக்ஸைத் தூக்கிவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு டிராப்டவுன் போடுங்கள். முதல் தேர்வு வெற்று, பிறகு வந்தார், வரவில்லை, மருத்துவ விடுப்பு, ஆண்டு விடுப்பு, மழை. டிராப்டவுன் பூட்டப்படாதவரை எப்போதும் அனுப்பப்படும். வெற்றாக வந்தால் அந்த வரிசையைச் சிவப்பாக்கித் திருப்பி அனுப்புங்கள், ஒருவர் விடுபட்டாலும் கும்பல் முழுவதையும் சேமிக்க வேண்டாம். எல்லாம் ஒரே டிரான்ஸாக்‌ஷன். குலைப் பெட்டியைப் பூட்ட ஆசையாக இருந்தால் டிசேபிள்ட் வேண்டாம், ரீட்ஒன்லி போடுங்கள், அது அனுப்பப்படும்.

செக்ரோல் தம்பி | திங்கள், இரவு 10:20

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. நிலையான ஆட்களுக்கு இது புரிந்துவிட்டது. ஆனால் அன்றன்றைக்குக் கூப்பிடும் தற்காலிக ஆட்களுக்கு 'வரிசை சேர்' பட்டன் உண்டு. அவர்களுக்கு நம்பரே கிடையாது. அங்கே எதை ஒட்டுவது?

சர்வ்லெட் அக்கா | செவ்வாய், காலை 7:30

தற்காலிக நம்பர் கொடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கவுன்டர், பு1, பு2, பு3 என்று ஏறிக்கொண்டே போகட்டும். வரிசையை நீக்கினாலும் கவுன்டரைக் குறைக்காதீர்கள். ஒவ்வொரு புது வரிசையிலும் சாவி என்ற ஒரே பெயரில் ஒரு மறைவான ஃபீல்ட், மதிப்பு பு2. மற்ற ஃபீல்டுகள் பெயர்_பு2, குலை_பு2. சர்வ்லெட்டில் சாவிக்கு மட்டும் கெட்பாராமீட்டர்வேல்யூஸ் கேளுங்கள். மறைவான ஃபீல்ட் பூட்டப்படாததால் விடுபடாது. வருகிற ஒவ்வொரு சாவியையும் வைத்து மற்றதைக் கேளுங்கள். இடையில் பு2 இல்லாமல் பு1, பு3 வந்தாலும் கவலை இல்லை. ஒரு வரிசைகூடச் சேர்க்கவில்லை என்றால் அர்ரேக்குப் பதில் நல் வரும், அதை மறக்காதீர்கள்.

வரிசையின் எச்டிஎம்எல்லை ஜாவாஸ்கிரிப்டில் சரமாக ஒட்டி ஒட்டி எழுதாதீர்கள். ஜேஎஸ்பியிலேயே டெம்ப்ளேட் என்ற டேக்குக்குள் ஒரு மாதிரி வரிசை எழுதி, அதைப் பிரதியெடுத்து சாவியை மாற்றினால் போதும்.

வேலைக்கு வேலை ஃபீல்ட் மாறுவதற்கு இரண்டு டேபிள். ஒன்று வேலை வகை. மற்றது ஃபீல்ட் வரையறை: எந்த வேலைக்கு, குறியீடு, திரையில் காட்டும் பெயர், எண்ணா எழுத்தா தேர்வா, அலகு, கட்டாயமா, வரிசை எண், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை. ஜேஎஸ்பி இந்த டேபிளைப் படித்து, சூஸ் டேக்கில் வகைக்கு ஒரு கிளை வைத்து வரைய வேண்டியதுதான். மூன்று நான்கு வகைக்கு மேல் தேவைப்படாது. சேமிக்கும்போதும் அதே வரையறையை வைத்துச் சோதியுங்கள், பிரவுசர் சோதித்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மேனேஜர் திரைப் பெயரில் என்ன குறி போடுவார் என்று தெரியாது, அதனால் குறிகளை வெறும் எழுத்தாகவே காட்டும் சி-அவுட் டேக்கில் போடுங்கள்.

எல்லாவற்றையும் இப்படி டேபிளுக்குள் கொண்டுபோகிற ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். குலை, பம்ப், மூட்டை என்ற அளவு மட்டும் போதும். சம்பளக் கணக்கை இதற்குள் நுழைத்தால் நீங்களே ஒரு புரோகிராமிங் மொழி எழுத ஆரம்பித்துவிடுவீர்கள்.

ஓய்வுபெற்ற கிராணி | செவ்வாய், காலை 9:10

கூலி ரேட் மாதத்தின் நடுவில் மாறும் தம்பி. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செக்ரோல் தம்பி | செவ்வாய், காலை 9:25

ஐயோ. ரேட்டை நான் மறைவான ஃபீல்டில் வைத்து ஃபார்மோடு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

சர்வ்லெட் அக்கா | செவ்வாய், காலை 9:27

இன்றே எடுங்கள். மறைவான ஃபீல்ட் கண்ணுக்குத்தான் மறைவு. ரேட்டை தேதியோடு டேபிளில் வைத்து சர்வர் தானே எடுக்கட்டும்.

ஈப்போ வெள்ளைக்காப்பி | செவ்வாய், பிற்பகல் 1:00

பெயர் ஃபீல்டில் நம்மவர் 'ஏ/எல்' (இன்னாரின் மகன்), 'ஏ/பி' (இன்னாரின் மகள்) என்று சாய்கோடு போடுவார்களே, அது ஒத்துக்கொள்கிறதா? நான் ஒரு முறை ஆள் பெயரையே எலிமென்ட் ஐடியாக வைத்து மாட்டிக்கொண்டேன், செலக்டர் எதுவும் வேலை செய்யவில்லை. பெயரில் எழுத்தும் இடைவெளியும் மட்டும்தான் என்று சோதனை போட்டால் பாதித் தோட்டம் வெளியே நிற்கும்.

செக்ரோல் தம்பி | செவ்வாய், பிற்பகல் 1:30

அது ஒத்துக்கொள்கிறது. குறிப்பு ஃபீல்டில் தமிழில் தட்டினால்தான் புழு நெளிகிற மாதிரி வந்தது. ஃபில்டரில் (சர்வ்லெட்டுக்கு முன்னால் ஓடும் கோட்) எந்த பாராமீட்டரையும் தொடுவதற்கு முன்னால் செட்கேரக்டர்என்கோடிங் யூடிஎஃப்-8 போட்டேன், சரியானது. ஒரு பாராமீட்டரைப் படித்த பிறகு போட்டால் பலன் இல்லை, அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போனது.

செக்ரோல் தம்பி | அடுத்த திங்கள், இரவு 11:48

மறுபடி நான்தான். கும்பல் வாரியாகப் போட்டபோது எல்லாம் ஒழுங்கு. மேனேஜர் டிவிஷன் முழுவதையும் ஒரே திரையில் கேட்டார். 140 பேர், ஆளுக்கு எட்டு ஃபீல்ட். சேமித்தால் கடைசிப் பதினைந்து பேருக்கு எதுவுமே வரவில்லை, வரிசை சிவப்பாகிறது. எக்ஸெப்ஷனும் இல்லை. இந்த முறை நான் எந்த நாயின் வாயையும் கட்டவில்லை அக்கா, சத்தியமாக.

சர்வ்லெட் அக்கா | செவ்வாய், காலை 6:55

140-ஐ எட்டால் பெருக்குங்கள். 1120. உங்கள் டாம்கேட்டின் சர்வர் ஃபைலில் கனெக்டர் வரியில் மேக்ஸ்பாராமீட்டர்கவுண்ட் (ஒரு முறையில் எத்தனை பாராமீட்டர் ஏற்கலாம் என்ற எல்லை) என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். முன்பு வெகுகாலம் 10000 இருந்தது. 9-இன் பிந்தைய வெளியீடுகளோடு வருகிற சர்வர் ஃபைலில் 1000 என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். டாம்கேட் 9 அதற்கு மேல் வருவதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், லாகில் ஒரு வரி இருந்தால் உண்டு. ஆயிரத்தை எட்டால் வகுத்தால் 125 பேர். மீதி பதினைந்து.

எண்ணை உயர்த்தலாம். ஆனால் எல்லை வைத்தது சும்மா இல்லை, லட்சம் பாராமீட்டர் அனுப்பி சர்வரைத் திணறடிப்பதைத் தடுக்கத்தான். 2000 வரை போங்கள், போதும். கூடவே ஃபெயில்ட்ரிக்வெஸ்ட்ஃபில்டர் என்று டாம்கேட்டே ஒரு ஃபில்டர் தருகிறது. அதை மற்ற ஃபில்டர்களுக்கு முன்னால் போட்டால் இப்படி அரைகுறையாக வரும் ரிக்வெஸ்ட்டை ஏற்காமல் திருப்பிவிடும். ஆனால் அது பாராமீட்டர்களைத் தானே படித்துவிடும், அதனால் உங்கள் யூடிஎஃப்-8 ஃபில்டர் மட்டும் அதற்கும் முன்னால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புழு மறுபடி நெளியும். இன்னும் ஒன்று, ஆள் எண்ணிக்கையை ஒரு மறைவான ஃபீல்டில் அனுப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஃபீல்டை ஃபார்மின் தலையில் வையுங்கள். அடியில் வைத்தால் அதுவும் வெட்டுப்பட்ட பதினைந்து பேரோடு போய்விடும்.

என்னைக் கேட்டால் மேனேஜருக்குப் பார்க்க மட்டும் ஒரு திரை கொடுங்கள். எழுதுவது கும்பல் வாரியாகவே இருக்கட்டும்.

செக்ரோல் தம்பி | செவ்வாய், இரவு 8:40

அதேதான், 1000. கும்பல் வாரியாகவே விட்டுவிட்டேன். மேனேஜர் முகத்தைத் தூக்கினார், பிறகு பார்க்கும் திரையை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார்.

ஓய்வுபெற்ற கிராணி | புதன், காலை 10:05

தம்பி, எல்லாம் சரி. அந்தப் பழம் வெட்டுகிறவருக்குக் காசு போய்ச் சேர்ந்ததா?

செக்ரோல் தம்பி | புதன், பிற்பகல் 12:30

சேர்ந்தது ஐயா. அக்கா சொன்னபடி தோண்டியதில் நாலு மாதத்தில் பதினோரு நாள் இப்படி நகர்ந்திருந்தது. மண்டோர்களின் சிறு நோட்டுகளை வாங்கி ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டு, விடுபட்டதை இந்த மாதச் சீட்டில் தனி வரியாகப் போட்டுவிட்டோம். தவறாக ஏறியதைத் திருப்பிப் பிடிக்க வேண்டாம் என்று மேனேஜரே சொல்லிவிட்டார். சீட்டு வாங்க அவருடைய மனைவிதான் வந்தார். அந்தத் தனி வரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, திரையில் தன் வீட்டுக்காரர் நம்பரைக் காட்டச் சொன்னார். காட்டினேன். 1047 என்று மூன்று இடத்தில் இருந்ததை எண்ணிவிட்டுப் போனார்.